தையலுக்கு அரை இஞ்சு

அளவு டேப்பின் ஒரு நுனியைக் கணினித் திரையின் இடது ஓரத்தில் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைச் சிவப்புக் காரின் மூக்கு வரை இழுக்கிறார். "நாலே கால்" என்கிறார். வாயில் பேனா மூடி இருப்பதால் எனக்கு அது பாதிதான் கேட்கிறது. தையல் கடையாக இருந்தால் அந்த இடத்தில் நாலு குண்டூசிகள் இருக்கும். உதடுகளுக்கு நடுவே எதையாவது கவ்விக்கொள்ளாமல் அவருக்கு அளக்க வராது.

நூலகத்தின் மாடியில் உள்ள கணினி அறையில் நாங்கள் பதினாலு பேர். கணினி விளையாட்டு செய்யக் கற்றுக்கொள்ளலாம், முன் அனுபவம் தேவையில்லை என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். பத்து சனிக்கிழமை காலைகள். பதினாலு பேரில் கழுத்தில் அளவு டேப் தொங்குவது இவர் ஒருவருக்குத்தான். வயது ஐம்பத்து மூன்று. கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவே ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். ஆசைப்பட்டு வாங்கிய துணி உடம்புக்குப் பொருந்தாமல் போனவர்கள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். பேன்ட்டைக் குட்டையாக்குவார், கோட்டைத் தளர்த்துவார், ஜிப் மாற்றுவார். அளவு எடுக்கும்போது யாராவது அசைந்தால், அவர் வங்கி மேலாளராகவே இருந்தாலும், "ஆடாம நில்லுங்க" என்று ஓர் அதட்டல். தெரு அவரை டேப்பக்கா என்றுதான் கூப்பிடும். குளிக்கும்போதாவது அந்த டேப்பைக் கழற்றுவீர்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன். ஏன், உங்களுக்கு வேணுமா?" என்றார்.

இந்த வகுப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்லித்தான் பத்திரிகை என்னை அனுப்பியது. போனவன், சும்மா உட்காரக் கூச்சப்பட்டு நானும் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வாரத்திலேயே எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் போனதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கத்தான். பக்கத்து இருக்கையில் டேப்பக்கா.

"அக்கா, திரையில இஞ்செல்லாம் கிடையாது. புள்ளிக் கணக்குதான், பிக்சல்" என்றார் நூலகர். முப்பது வயதுப் பெண். கீழே புத்தகம் கொடுத்து வாங்குவதும் மேலே இந்த வகுப்பை எடுப்பதும் அவர்தான்.

"சரி மேடம், ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளி?"

"அது திரைக்குத் திரை மாறும்."

"ஆளுக்கு ஆள் மாறுறது உடம்பு. அளவுமா மாறும்?"

நூலகர் சிரித்துவிட்டார். டேப்பக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே அந்த அறையின் திரையை அளந்து, கணக்குப் போட்டு, இஞ்சுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி என்று கண்டுபிடித்து, டேப்பின் பின்பக்கத்தில் பேனாவால் குறித்துக்கொண்டார். அரை இஞ்சுக்கு நாற்பத்தெட்டு. கால் இஞ்சுக்கு இருபத்து நாலு. அதற்குப் பிறகு பிக்சல் அவர் சொன்னபடி கேட்டது.

வேரியபிள் என்றால் பெயர் எழுதி ஒட்டிய டப்பா, உள்ளே ஒரு மதிப்பு இருக்கும், வேண்டும்போது அதை மாற்றலாம் என்று நூலகர் சொன்னார். எனக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆனது. டேப்பக்காவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கடைச் சுவரில் அறுபது பட்டன் டப்பாக்கள் இருக்கின்றன. "டப்பா மேல கறுப்பு, நாலு ஓட்டைன்னு எழுதியிருந்தா உள்ள அதுதான் இருக்கணும். நீங்க வெள்ளையைப் போட்டு வச்சிட்டுக் கம்ப்யூட்டரைத் திட்டுறீங்க" என்று என் திரையை எட்டிப் பார்த்துச் சொன்னார். பார்த்தால் நான் செய்திருந்த தப்பு அதுவேதான். அன்று முதல் என் நிரலை அவர் பார்க்கக் கூடாது என்று திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அவர் மல்லுக்கட்டியது பூஜ்ஜியத்தோடு. கணினி வரிசையைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் என்று சொன்ன அன்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "மொதல் பட்டன் பூஜ்ஜியமா? அப்ப ஆறு பட்டன் வச்ச சட்டையில கடைசிப் பட்டன் அஞ்சா? கஸ்டமர் வந்து ஒண்ணைக் காணோம்னு சண்டை போடுவான் மேடம், நான் ஒத்துக்க மாட்டேன்." அடுத்த சனிக்கிழமை, வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் நூலகரிடம் போய், டேப்பின் நுனியைக் காட்டினார். "இதுவும் பூஜ்ஜியத்துலதான் ஆரம்பிக்குது. முப்பது வருஷமா கையில பிடிச்சிருக்கேன், கவனிக்கல. போன வாரம் பேசினதை மறந்திடுங்க." தோற்றுப்போனதை இவ்வளவு முறையாக வந்து ஒப்படைத்தவரை நான் பார்த்ததில்லை. நூலகர் எழுந்து நின்றுதான் அதைக் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு நாள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் லூப் ஒன்றை, எப்போது நிறுத்துவது என்று சொல்லாமல் எழுதிவிட்டார். திரை உறைந்துவிட்டது, கணினி உள்ளே உறுமத் தொடங்கியது. "ஐயோ, பெடல்ல செருப்பு மாட்டிக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே மேசைக்கு அடியில் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். கூடவே எங்கள் வரிசையில் நாலு கணினிகள் அணைந்தன. என் அரை மணி நேர வேலையும் போயிற்று. காப்பாற்றுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதால் நான் மனத்துக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், தலையைக் கடையின் பின்பக்கமாக ஒரு சாய் சாய்ப்பார். கடைக்குப் பின்னால்தான் வீடு. இரண்டே அறைகள். ஜன்னல் இருக்கிற அறையில் அவருடைய அக்கா உட்கார்ந்திருப்பார். இருபத்தேழு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தெருவுக்கு அவர் டிரைவிங்கம்மா. ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் அதை வாங்கினார்கள். நானும்தான். "கண்ணாடியில மூஞ்சியைப் பாக்காதே, பின்னாடி வர்றவனைப் பாரு" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் என் இடது காதில் இருக்கிறது.

ஐந்து மாதங்களுக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது. கால், கைத்தடியோடு நடக்கிற அளவுக்குத் திரும்பி வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. அதை மடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருப்பார். யாராவது அந்தப் பக்கம் பார்த்தால் துண்டைச் சரிசெய்வார். ஊரையே அதட்டிய குரல், தண்ணீர் வேண்டும், ஜன்னலைத் திற என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அந்தக் கைக்குப் பயிற்சி இதுதான்: கட்டை விரலால் அழுத்த வேண்டும், மூன்று எண்ணும் வரை பிடிக்க வேண்டும், விட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிக்காரர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் வைத்து டேப்பக்காவிடம், "இப்ப சில மாசம்தான் முக்கியம். இந்த நேரத்தை விட்டுட்டா அப்புறம் கையைக் கொண்டு வர்றது ரொம்பக் கஷ்டம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். டிரைவிங்கம்மா பத்துத் தடவை அழுத்துவார். பதினோராவது தடவை இடது கையால் பந்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிவார். "பந்தைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார நான் என்ன கைக்குழந்தையா?" சாவிக்கடைக்காரர் அதை எடுத்து வந்து கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனார்.

போனில் இருந்த விளையாட்டுகளை எல்லாம் டேப்பக்கா காட்டிப் பார்த்தார். கலர் கலராகப் பழங்கள் வெடித்தன. "பழம் வெடிக்கிறதைப் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார் டிரைவிங்கம்மா. அதோடு, அந்த விரலால் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் அவை வெடித்தன. அக்கா கோபத்தில் கவிழ்க்கவில்லை, தோற்பதற்கு முன்னால் கவிழ்த்தார் என்பது தங்கைக்குத் தெரியும்.

"ரெடிமேட் அவளுக்குப் பொருந்தல" என்றார் டேப்பக்கா என்னிடம். "பொருந்தலைன்னா ஆல்டர் பண்ணணும். ஆல்டர் பண்ண வழியில்லைன்னா புதுசா வெட்டணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் ரிப்போர்ட்டரே." நூலகத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போனபோதுதான் அந்த அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். அதுவரை அவர் கணினியைத் தொட்டது, ஜெராக்ஸ் கடைக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் கடையைப் பார்த்துக்கொண்டபோது மட்டும்தான்.

டேப்பக்கா எதையும் நேராகத் தட்டச்சு செய்வதில்லை. துணியை வெட்டுவதற்கு முன் மாதிரி வரைகிற பழுப்புத் தாளில் நிரலை முதலில் எழுதுவார். கடைச் சுவரில், யாரோ ஒருவருடைய கோட்டின் முதுகுப் பகுதிக்கும் இன்னொருவருடைய கைக்கும் நடுவே அந்தத் தாள் குத்தப்பட்டிருக்கும். 'கட்டையை அழுத்தினால்' என்று ஒரு கோடு. விசைப்பலகைப் பொத்தானுக்கு அவர் வைத்த பெயர் கட்டை. அது இரண்டாகப் பிரியும். அழுத்தினால் பிரேக், அழுத்தாவிட்டால் வண்டி போகும். தப்பை அழிக்க மாட்டார். சரியானதைத் துண்டுத் தாளில் எழுதி மேலே குண்டூசியால் குத்துவார். "மொதல்ல ஓட்டுத் தையல் போட்டுப் பாக்கணும். சரியா விழுந்தா அப்புறம் மிஷின்ல குடுக்கலாம்." நிரல் ஓடாவிட்டால் கடைசி வரியிலிருந்து மேலே மேலே பிரித்துக்கொண்டு போவார். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார். விட்டுப்போன தையலைத் தேடிய கண் அது. எங்கள் பதினாலு பேரில் பிழைச் செய்தியைப் பார்த்து முகம் வாடாதவர் அவர் ஒருவர்தான். "பிரிக்கத் தெரியாதவளுக்குத் தைக்கத் தெரியாது" என்பார்.

ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டும் உலோகத் தொப்பியைக் கழற்ற மறந்து வருவதால், அவர் தட்டச்சு செய்வது அறை முழுக்கக் கேட்கும். டொக், டொக். எட்டாவது வாரம் அந்தச் சத்தம் நின்றபோது விளையாட்டு முடிந்திருந்தது.

ஒரு கார், ஒரு தெரு, தெருவின் முடிவில் சாலையில் வைக்கிற மாதிரி ஓர் ஆரஞ்சுக் கூம்பு. கூம்புக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைக் கோடு. விசைப்பலகையின் நீளமான கட்டையைக் கட்டை விரலால் அழுத்தி மூன்று எண்ணும் வரை பிடித்தால் வண்டி கிளம்பத் தயாராகும். விரலை எடுத்தால் நகரும். மறுபடி அழுத்தினால் பிரேக். கார் மூக்கு வெள்ளைக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். கூம்பை இடித்தால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான் விளையாட்டு. பிசியோதெரபிக்காரர் சொன்ன மூன்றும் அதற்குள் இருந்தன. பந்து மட்டும் இல்லை. வேகத்தை அக்காவின் விரலுக்குத் தகுந்தபடி வைத்திருந்தார். நடந்துபோகிற ஆள் அந்தக் காரை முந்திவிடலாம்.

என் கோட்டுக் கையைக் குட்டையாக்கக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை வாங்கப் போனபோது, நூலகத்தில் கேட்டு வாங்கி வந்த பழைய லேப்டாப்பை டேப்பக்கா அக்காவின் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். என்னையும் உள்ளே வரச் சொன்னார். துணைக்கு ஆள் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"இதென்ன, தீப்பெட்டிக்குச் சக்கரம் வச்சிருக்கு?" என்றார் டிரைவிங்கம்மா.

"கார்க்கா."

"என்ன மாடல்?"

"நான் பண்ண மாடல்."

டிரைவிங்கம்மா தங்கையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "ஹேண்ட் பிரேக் எங்கடி?" என்றார். அது கேள்வி அல்ல, சம்மதம். டேப்பக்கா துண்டை மெல்ல நகர்த்தி, அந்தக் கையைத் தூக்கி, கட்டை விரலைக் கட்டையின் மேல் வைத்தார்.

முதல் தடவை கார் பாதித் தெருவிலேயே நின்றது. 'இன்னும் முன்னால் வரலாம்' என்று திரையில் எழுத்து வந்தது. இரண்டாவது தடவை கோட்டுக்குக் கிட்டே போனது. அதற்குள் திரை சிவந்து, 'இடித்துவிட்டீர்கள்' என்றது.

"எங்க இடிச்சேன்?"

"இடிச்சிட்டக்கா. அதான் சொல்லுதே."

"அது சொன்னா? நடுவுல ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடம் இருக்கு. எங்க இடிச்சேன், காட்டு!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா."

"இருபத்தேழு வருஷம் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து இஞ்சுக் கணக்குல ஊரைக் காப்பாத்தியிருக்கேன். எனக்குத் தெரியாததை இந்தத் தீப்பெட்டி சொல்லுதா? மறுபடி போடு."

மறுபடி போட்டார். மறுபடி சிவப்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அக்கா ஒரு பக்கம், இல்லை நாலு என்று தங்கை ஒரு பக்கம். நான் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் தெரு வரை போனது. சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். துண்டு நழுவித் தரையில் விழுந்து கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. கட்டை விரல் நடுங்கியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. நாற்பத்தொரு தடவை என்று நான் எண்ணினேன்.

"பாத்தீங்களா?" என்று வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார் டேப்பக்கா. கண் நிறைந்திருந்தது. "திட்டுறா ரிப்போர்ட்டரே. என்னைத் திட்டுறா!"

புதன்கிழமை போனபோது கணக்கு ஒரு நாளைக்கு நூற்று இருபதாக ஏறியிருந்தது. சண்டையும் ஏறியிருந்தது. டிரைவிங்கம்மா ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றால் 'இன்னும் வரலாம்'. இன்னும் வந்தால் 'இடித்துவிட்டீர்கள்'. "இது ரெண்டுக்கும் நடுவுல இடமே இல்லடி. நீ பண்ணது கார் இல்ல, கண்கட்டு" என்று அவர் சொல்ல, ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு டேப்பக்கா, "பிரேக் லேட்டா பிடிக்கிறக்கா. விரல் கொஞ்சம் லேட்டா வருது. பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். டிரைவிங்கம்மா திரையை விட்டுவிட்டுத் தன் விரலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை நூலகப் படிக்கட்டில் டேப்பக்கா எனக்காகக் காத்திருந்தார். கையில் லேப்டாப் பை. வாயில் ஒன்றும் இல்லை.

"நேத்து ஒரே ஒரு தடவைதான் ஆடினா. அப்புறம் கையை எடுத்துத் துண்டைப் போட்டுக்கிட்டா. 'எனக்கு இடம் இருக்கிற மாதிரிதான்டி தெரியுது. நீங்கல்லாம் இல்லைங்கறீங்க. கை போன மாதிரி கண்ணும் போயிடுச்சோ என்னமோ'ங்கறா. மெதுவா சொன்னா. திட்டவே இல்ல." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அவ தூங்கினப்புறம் திரை மேல டேப்பை வச்சுப் பாத்தேன். இடிச்சிட்டதா கம்ப்யூட்டர் சொல்ற இடத்துல அரை இஞ்சு இருக்கு, ஒரு நூல் குறைவா. அவ சொன்னது சரி. நான்தான் என்னமோ பண்ணி வச்சிருக்கேன்."

நூலகர் நிரலைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தார். திரையில் நாம் பார்ப்பது காரின் படம். ஆனால் கார் எதையாவது தொட்டதா என்று கணினி பார்ப்பது படத்தை வைத்து அல்ல. படத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெட்டி இருக்கும், அதன் அளவை நாம்தான் கொடுக்க வேண்டும். அந்த வரி வந்ததும் நூலகரின் விரல் நின்றது.

"அக்கா, காரோட நீளம் சரி. அதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு கூட்டியிருக்கீங்களே, அது எதுக்கு?"

"தையலுக்கு" என்றார் டேப்பக்கா.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முப்பது வருடமாக எந்த அளவை எழுதினாலும் சுற்றிலும் அரை இஞ்சு சேர்த்து எழுதிய கை. உள்ளே மடித்துத் தைக்கத் துணி வேண்டும், நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்து விடவும் துணி வேண்டும். காரையும் அந்தக் கை அப்படித்தான் வெட்டியிருந்தது. கார் கூம்பைத் தொடுவதற்கு அரை இஞ்சு முன்னாலேயே அந்தத் தெரியாத பெட்டி தொட்டுவிட்டது. வெள்ளைக் கோடோ அந்த அரை இஞ்சுக்குள் இருந்தது. யாராலும் ஜெயிக்க முடியாத விளையாட்டு. வகுப்பில் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"நீங்க ஆடிப் பாக்கலையாக்கா?"

"பாத்தேன் மேடம். நான் ஒரு தடவைகூட ஜெயிக்கல. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனாலதான்னு நெனச்சுக்கிட்டேன்."

"என் மேலயும் தப்புதான். பிரேக் பிடிக்குதா, இடிக்குதான்னுதான் பாத்தேன். ஜெயிக்க முடியுதான்னு பாக்கல" என்றார் நூலகர். "ரெண்டு நம்பர்தான். அழிச்சிட்டாப் போச்சு."

டேப்பக்கா அழிக்கும் கட்டையின் மேல் விரலை வைத்தார். உடனே அழுத்தவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தத் தப்புதான் அக்காவைத் திட்ட வைத்தது, திட்டிக்கொண்டே நூற்று இருபது தடவை அழுத்த வைத்தது. சரிசெய்துவிட்டால் அக்கா ஜெயிப்பார். ஜெயித்துவிட்டுத் துண்டைப் போட்டுக்கொண்டால்? நான் அதை வாய்விட்டே சொன்னேன். "கொஞ்ச நாள் அப்படியே விட்டுட்டா என்னக்கா? கை வேலை செய்யுதில்ல?" இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தப்பா தச்சிட்டு உங்க உடம்புதான் கோணல்னு கஸ்டமர்கிட்ட சொல்லச் சொல்றீங்களா?" என்றார். டொக் என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு எண்களும் போய்விட்டன.

வகுப்பு முடியும் வரைகூட உட்காரவில்லை. பையை நான் தூக்கிக்கொண்டேன். வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"அக்கா, உன் கண்ணு சரி. என் அளவுதான் தப்பு."

ஜன்னலோரம் இருந்த டிரைவிங்கம்மா திரும்பவில்லை. வெளியே யாரோ வண்டியைக் கோணலாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு?" என்றார்.

"அரை இஞ்சு. தையலுக்கு விடுற மாதிரி விட்டுட்டேன். இவ்வளவு நாளும் நீ இடிக்கவே இல்லக்கா."

"விரல் லேட்டுன்னியே."

"அதுவும் தப்பு." டேப்பக்காவின் குரல் உடைந்தது. "நீ சொன்னப்பவே அளந்து பாத்திருக்கணும். ஊருக்கெல்லாம் அளக்கிறேன், உன் பேச்சை அளக்காம விட்டுட்டேன்."

டிரைவிங்கம்மா நாற்காலியை நகர்த்தினார். துண்டைத் தானே எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டார். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கட்டையின் மேல் வைத்தார்.

முதல் தடவை கார் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இரண்டாவது தடவை கூம்பின் மேல் நன்றாகவே ஏறியது. "இது இடிச்சதுதான்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது தடவை வண்டி கோட்டை நோக்கி நகர, விரல் காற்றில் நின்று நடுங்கி, பிறகு இறங்கியது. கார் மூக்கு கோட்டைத் தொட்டு நின்றது. திரை பச்சையாகி, 'சபாஷ் அக்கா' என்றது. இவ்வளவு நாளும் அந்த எழுத்து உள்ளே கிடந்திருக்கிறது, வெளியே வர வழியில்லாமல்.

டிரைவிங்கம்மா அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கை கட்டையிலிருந்து விலகியது. டேப்பக்காவின் கண் ஜன்னல் கம்பியில் கிடந்த துண்டுக்குப் போய் வந்தது.

"இது கத்துக்க வர்றவங்களுக்கு" என்றார் டிரைவிங்கம்மா, பழைய குரலில். "லைசென்ஸ் எடுத்தவளுக்கு எதுக்குடி இவ்வளவு இடம்? கோட்டைக் கோனுக்குக் கிட்ட தள்ளிப் போடு."

"எவ்வளவு கிட்டக்கா?"

டிரைவிங்கம்மாவின் இடது கை லேப்டாப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. வலது கை மடியிலிருந்து, யாரும் தூக்காமல், மெதுவாக எழும்பியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் விலகி நின்றன.

"இவ்வளவு."

டேப்பக்கா கழுத்திலிருந்து டேப்பை இழுத்து, அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே பிடித்தார். விரல்கள் நடுங்கின. அளவு கால் இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. ஆடாமல் நிற்கச் சொல்லி அவர் அதட்டவில்லை. டேப்பைப் பிடித்தபடி, அது நிற்கட்டும் என்று காத்திருந்தார்.